நாலு பாயிண்ட் காட்டுது, காசு வரலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டெக்னிக்கல் பதிவு மாதிரி ஆரம்பித்து சண்டையில் போய் நிற்கும். படித்தது பி.காம். சொந்த ஊர் சித்தூர், வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. இருபது வருஷத்துக்கு மேல் பேங்க் உத்தியோகம். இப்போது போஸ்டிங் குவஹாத்தியில். டெபிட், கிரெடிட் தெரிந்தவன் வயர்லெஸ் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இதில் நஷ்டப்படுவது என் கஸ்டமர், அதனால் எழுதலாம்.

எனக்கு ரொம்ப எரிச்சல் மூட்டும் ஒரு வாக்கியம் இருக்கிறது. "அங்கேதான் டவர் ஃபுல்லா இருக்கே, அப்புறம் என்ன பிரச்சனை?" ரிவ்யூ மீட்டிங்கில் இதைக் கேட்காத வருஷம் கிடையாது. சித்தூர்ப் பக்கம் வேலை பார்த்தபோதும் கேட்டேன், இங்கே அஸ்ஸாமிலும் கேட்கிறேன். கேட்பவர்கள் எல்லாம் ஏசி ரூமில் இருந்து கேட்பவர்கள்.

விஷயம் இதுதான். கிராமங்களில் பிராஞ்ச் கிடையாது. பேங்க் மித்ரா என்று ஒருவர் கையில் மைக்ரோ ஏடிஎம் மிஷினோடு உட்கார்ந்திருப்பார். கிழவி வந்து விரல் வைப்பாள். விரல் ரேகை ஆதாருக்குப் போய், அங்கிருந்து பேங்குக்குப் போய், பதில் திரும்பி வரவேண்டும். அனுப்பும் சமாச்சாரம் சில கிலோபைட்தான். ஒரு குட்மார்னிங் போட்டோவை விடச் சின்னது. மிஷினில் நாலு பாயிண்ட் காட்டும். சுற்றும், சுற்றும், "டைம் அவுட்" என்று வரும். சில சமயம் அக்கவுண்டில் பணம் கழிந்திருக்கும், கையில் காசு வந்திருக்காது. இதற்கு ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பரில் சர்க்குலர் போட்டது. ஐந்து நாளில் பணத்தைத் திருப்பவேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. நல்ல சர்க்குலர்தான். ஆனால் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த ஐந்து நாள் யார் கொடுப்பது?

உடனே என்ன சொல்வார்கள்? "விரல் தேய்ந்துவிட்டது", "அந்தாளுக்கு மிஷின் பிடிக்கத் தெரியவில்லை." விரல் தேய்வதும் உண்மைதான். ஆனால் எல்லாப் பழியையும் விரல் மேல் போடுவது அநியாயம்.

தம்பி மகன் திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். அவனிடம் போனில் புலம்பினேன். "பெரியப்பா, அந்தப் பாயிண்ட்டை நம்பாதீங்க. டவர் சொல்றது உங்களுக்குக் கேக்குதுன்னு மட்டும்தான் அது காட்டும். நீங்க சொல்றது டவருக்குக் கேக்குதான்னு காட்டவே காட்டாது" என்றான்.

அன்றையிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். டவர் சாதாரணமாக 40 வாட் சக்தியில் பேசும். நம் போனுக்கு அனுமதி 0.2 வாட். 200 மடங்கு வித்தியாசம். டவருக்குக் காது நல்ல காதுதான், ஆனாலும் ஒருவன் மைக்கில் கத்துகிறான், இன்னொருவன் முணுமுணுக்கிறான். மைக் சத்தம் ஊர் எல்லை வரை கேட்பதை வைத்து "இங்கே கவரேஜ் உண்டு" என்று எழுதிவிடுகிறார்கள். பணம் எடுப்பதற்கு முதலில் போகவேண்டியது முணுமுணுப்பு.

சரி, அந்த முணுமுணுப்பு எப்படிப் போகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பேங்க் பாஷையிலேயே சொல்கிறேன்.

4ஜி, 5ஜி இரண்டும் ஓ.எஃப்.டி.எம் என்ற முறையில் ஓடுகின்றன. திருமலை உண்டியல் காசை எண்ணும் பரகாமணி தெரியுமல்லவா? ஒரே ஆள் வேகமாக எண்ணுவது இல்லை, வரிசையாகப் பலபேர் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் நிதானமாக எண்ணுவார்கள். அதே கதைதான். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி சேனலில் 1200 சின்னச் சின்ன அலைகள். ஒவ்வொன்றும் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒவ்வொன்றும் நிதானமாகத் தன் பங்கைச் சுமக்கும்.

இதில் முதல் சிக்கல் ஒத்திசைவு. லெட்ஜரில் காலம் நகர்ந்தால் என்ன ஆகும்? பைசா ரூபாய் காலத்தில் விழும், மொத்தக் கணக்கும் நாசம். போனுக்குள் இருக்கும் கிரிஸ்டல் கடிகாரம் பத்து லட்சத்தில் 10 பங்கு தப்பினால், 1800 மெகாஹெர்ட்ஸில் அது 18 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒரு முழுக் காலத்துக்கு மேல் நகர்ந்துவிட்டது! அதனால் போன் டவரின் கடிகாரத்தைப் பார்த்து ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. கோடியில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போகவேண்டும் என்பது விதி. நம் ஊர் டே-எண்ட் டேலியெல்லாம் இதன் முன்னால் சும்மா.

இரண்டாவது சிக்கல் சேனல் எஸ்டிமேஷன், அதாவது வழியில் என்ன நடந்தது என்று மதிப்பிடுவது. சித்தூரில் இருந்து பலமநேர் போகும்போது மொகிலி காட் வரும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அலை நேராகவும் வரும், பாறையில் மோதியும் வரும், இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று கெடுக்கும். 4ஜியில் தாமதமாக வரும் எதிரொலிக்கு ஒரு கிரேஸ் பீரியட் வைத்திருக்கிறார்கள், 4.7 மைக்ரோ செகண்ட். ஒரு மைக்ரோ செகண்டில் அலை 300 மீட்டர் போகும். ஆக 1.4 கிலோமீட்டர் வரை சுற்றி வந்தால் மன்னிப்பு. அதற்கு மேல் சுற்றி வருவது அடுத்த கணக்கில் விழுந்து அதைக் குழப்பும்.

கிரேஸ் பீரியடுக்குள் வந்தாலும் அலை வளைந்து நெளிந்து வந்திருக்கும். எவ்வளவு வளைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் புது அக்கவுண்டுக்குப் பெரிய தொகை அனுப்பும் முன் 1 ரூபாய் அனுப்பிப் பார்ப்போம், பென்னி டிராப் என்போம். அதேதான். இரண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே தெரிந்த சில குறிகளை இடையிடையே அனுப்புவார்கள். பெயர் பைலட். அனுப்பியது என்ன என்று தெரியும், வந்தது என்ன என்று தெரிகிறது, இரண்டையும் டேலி பண்ணினால் வழியின் குணம் தெரிந்துவிடும். அதை வைத்து மற்றதைத் திருத்திப் படிப்பார்கள். இரண்டு ஆன்டெனா உள்ள 4ஜி டவர் 168 கட்டங்களில் 16 கட்டத்தை இதற்கே செலவழிக்கிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! ஒரு தகவலும் சுமக்காத வெறும் குறிகள். வீண் செலவு என்று நினைத்தால் அந்த ஆள் ஆடிட் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

இப்போது கிராமத்துக்கு வருவோம். தூரத்தில் இருக்கும் மிஷின் அனுப்பும் பைலட்டே இரைச்சலில் அமுங்கிப்போனால்? தெரிந்த வார்த்தையே காதில் விழவில்லை, தெரியாத வார்த்தை எப்படி விழும்? டவருக்கு வழியின் குணம் தெரியாது, விரல் ரேகை போய்ச் சேராது. மிஷினில் மட்டும் நாலு பாயிண்ட் ஜம்மென்று நிற்கும்.

இதற்கு மருந்து இல்லை என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். மருந்து இருக்கிறது. அதுவும் நம் ஆட்கள் சண்டை போட்டு வாங்கியது. அதனால்தான் கோபம் வருகிறது.

பல அலைகள் ஒரே சமயத்தில் கூடினால் திடீரென்று உச்சம் எகிறும். அந்த உச்சத்துக்கு இடம் விட்டுத்தான் போனின் ஆம்ப்ளிஃபையரை ஓட்டமுடியும். அதனால் 0.2 வாட்டையும் முழுசாகப் பயன்படுத்த முடியாமல் போகும். இந்த உச்சத்தைத் தட்டையாக்கும் வழி ஒன்று, பை-பை-டூ பி.பி.எஸ்.கே என்று பெயர். அதோடு அலையின் வடிவத்தையும் செதுக்கினால் போன் தன் முழு பலத்தோடு கத்தலாம். 2018-ல் வந்த 5ஜி முதல் பதிப்பில் (ரிலீஸ் 15) இந்த முறை இருந்தது. ஆனால் அதில் ஒரு கோளாறு. தகவல் தட்டையாகப் போகும், பைலட் மட்டும் பழைய மாதிரி உச்சம் எகிறும். பைலட்டுக்காக ஆம்ப்ளிஃபையரை அடக்கவேண்டும், கிடைத்த லாபம் கைக்கு வராது. 2020-ல் வந்த ரிலீஸ் 16-ல் பைலட்டையும் தட்டையான வரிசையாக மாற்றிச் சரிசெய்தார்கள்.

இதே சமயத்தில் ஐஐடி ஐதராபாத்தும் ஐஐடி மெட்ராஸும் இந்தியத் தர அமைப்பான டி.எஸ்.டி.எஸ்.ஐ மூலம் ஒரு அடிப்படை நியாயத்தைப் பேசினார்கள். உலகத் தரத்தில் கிராமத்துச் சோதனை என்றால் டவருக்கு டவர் 1.7 கிலோமீட்டர். எந்த ஊர்க் கிராமம் சாமி அது? நம் ஊரில் டவர் பஞ்சாயத்துத் தலைமை ஊரில் இருக்கும், சுற்றியுள்ள குக்கிராமங்கள் அதை நம்பி இருக்கும். 6 கிலோமீட்டர் இடைவெளிக்கும் சோதனை வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் வாதாடினார்கள், 2017-ல் அது சேர்ந்தது. பிறகு 5ஜிஐ என்று தனித் தரமே எழுதி, 2021 பிப்ரவரியில் ஒன்றியத்தின் அங்கீகாரமும் வாங்கினார்கள். தூரத்து போனின் குரலைத் தூக்கிவிடுவதுதான் அதன் முக்கிய சரக்கு.

அப்புறம் வந்தது எதிர்ப்பு. தனித் தரம் என்றால் போன் விலை ஏறும், வெளிநாட்டுக் கருவி வேலை செய்யாது என்று டெலிகாம் நிறுவனங்கள் கொடி பிடித்தன. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஒரு பிராஞ்சுக்கு மட்டும் தனி சாஃப்ட்வேர் வைத்தால் என்ன கூத்து நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? கடைசியில் ரிலீஸ் 17-ல் இரண்டையும் இணைத்தார்கள், 2022-ல் கதை முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதே 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜியும் வந்தது.

ஆனால் யாரும் பேசாத ஒரு வரி இருக்கிறது. அந்தத் தட்டையான பைலட், போனுக்குக் கட்டாயம் அல்ல. விருப்பம். போன் "எனக்குத் தெரியும்" என்று சொன்னால் மட்டும் டவர் அதைப் பயன்படுத்தும். விருப்பம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதை இன்ஷூரன்ஸ் பாலிசி படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவனுக்கு இது தேவைப்படாது. குப்பம் பக்கத்தில் மிஷின் பிடித்து உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தேவை. அவன் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதில்லை.

"4ஜி மிஷினுக்கு இது உதவாதே" என்பார்கள். சரி, உதவாது. ஆனால் அடுத்த ரவுண்டு மிஷின் 5ஜியில் வரும்போதாவது கேட்கவேண்டாமா? "சிப் விலை ஏறும்" என்பார்கள். இது புது ஆன்டெனாவும் புது பேட்டரியும் கேட்கிற சமாச்சாரம் இல்லை, சிப்புக்குள் அலையை எப்படி உருவாக்குவது என்கிற சமாச்சாரம். "அரசாங்கம் போனுக்குள் தலையிடலாமா" என்பார்கள். 2016-ல் எல்லா போனிலும் பேனிக் பட்டன் கட்டாயம் என்று விதி போட்டது யாராம்?

கவரேஜ் மேப்பை வெளியிடவேண்டும் என்று டிராய் 2024-ல் விதி கொண்டுவந்தது. வரவேற்கிறேன். ஆனால் மேப்பில் நாம் பார்க்கும் கலர் டவரின் குரல். மிஷினின் குரலுக்கும் ஒரு கலர் அடியுங்கள்.

பலவீனமான அலையைக் காது கொடுத்துக் கேட்கும் வித்தை எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியில் 1024 ஆன்டெனாக்களை வயலில் நட்ட மாதிரி நட்டு, வானத்துக் காற்றில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியைப் பிடிக்கும் ரேடார் 1990-களில் இருந்து இருக்கிறது. காற்றின் முணுமுணுப்பைக் கேட்கத் தெரிந்த நாட்டுக்கு ஒரு கிழவியின் விரல் ரேகையைக் கேட்க முடியாதா?

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, பேங்குகள் 5ஜி மைக்ரோ ஏடிஎம் வாங்கும் டெண்டரில் இந்த அம்சம் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். லட்சக்கணக்கில் வாங்குகிற நாம் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற கிராமத்துக்கு உகந்த அலைவரிசையில் வேலை செய்யும் போன்களுக்கும் அரசு அதைக் கட்டாயமாக்கட்டும். மூன்று, ஒரு கிராமத்தில் கவரேஜ் உண்டு என்று எழுதும் முன் அங்கே நூறு முறை விரல் வைத்துப் பாருங்கள். எத்தனை முறை காசு வந்தது என்று எண்ணுங்கள். பாயிண்ட்டை எண்ணாதீர்கள்.

டிஸ்கி: இன்ஜினியர்கள் யாராவது படித்தால், தப்பு இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். "டவர் ஃபுல்லா இருக்கே" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் :-)