நூறு பெண்களும் ஒரு கரண்டியும்

உங்கள் தெருவில் மழைத் தண்ணீர் எங்கே போகிறது? எங்கள் தெருவில் அது எங்கும் போவதில்லை. படியேறி வீட்டுக்குள் வந்து, சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, இரண்டு நாள் தங்குகிறது. போன மழையில் அப்படித் தங்கியிருந்தபோதுதான், மாடிக் கொடியில் ஈரப் பாயை உலர்த்திக்கொண்டே எதிர் வீட்டு மாமி கேட்டாள்: "எத்தனை நாள்தான் மனுக் கொடுக்கிறது? நாமே ஒரு கட்சி ஆரம்பித்து வார்டு தேர்தலில் நின்றால் என்ன?"

சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. 2022 பிப்ரவரியில் நகரங்களில் நடந்த தேர்தல் அந்தக் கணக்கில்தான் நடந்தது. எங்கள் வார்டும் பெண்களுக்கு ஒதுக்கியதே.

அன்று மாலை எங்கள் கூடத்தில் பதினேழு பேர் கூடினோம். பெயர் வைப்பதற்குள் காபி ஆறிப்போயிற்று. சின்னம் கரண்டி என்று சிலர், முறம் என்று சிலர். கட்சி பிறக்கு முன்பே பிளவு! பதிவு செய்யும் வழியைத் தெரிந்துகொண்டு வரும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

தெரிந்துகொண்டேன். கட்சிகளைப் பதிவு செய்வது டெல்லியிலுள்ள தேர்தல் கமிஷன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கட்டணம் 10,000 ரூபாய், போனது போனதுதான். கட்சியின் சட்ட திட்டங்களை அச்சடித்துத் தர வேண்டும். பெயரைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். அந்தச் செலவும் நம் தலையில்தான்.

பணத்தைச் சீட்டு எடுத்தாவது சமாளிக்கலாம். நூறு பேருக்கு எங்கே போவது? குறைந்தது நூறு அங்கத்தினர் வேண்டும். எல்லோரும் வாக்காளராக இருக்க வேண்டும். 'நான் பதிவு பெற்ற வேறு எந்தக் கட்சியிலும் இல்லை' என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பிரமாணப் பத்திரம் தர வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினோம். "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூன்றாம் வீட்டு அக்கா மட்டும் உடனே பேனாவை எடுத்தாள். எடுத்தவள், எதற்கும் பார்ப்போமே என்று பீரோவைத் திறந்தால், அவள் படம் போட்ட உறுப்பினர் அட்டை ஒன்று! நாலு வருஷமாக அவள் ஒரு கட்சியில் இருக்கிறாள், அவளுக்குத்தான் தெரியாது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு சேர்த்துவிட்டிருக்கிறார். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டோ எப்போ எடுத்தது?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டோடு எண்ணிக்கை நின்றது.

நின்றதும் நல்லதுக்குத்தான் என்று பிறகு தோன்றியது. பதிவு செய்தால் கரண்டி நம் கைக்கு வந்துவிடும் என்றல்லவா நினைத்திருந்தோம்? வராது. நிரந்தரச் சின்னம் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கே; அந்த அங்கீகாரம் சட்டசபை, பார்லிமெண்டுத் தேர்தல்களில் ஓட்டோ இடமோ போதிய அளவு வாங்கினால்தான் கிடைக்கும். இன்னொரு சிக்கலைக் கேளுங்கள். வார்டு தேர்தலை நடத்துவது டெல்லிக் கமிஷன் அல்ல, மாநிலத் தேர்தல் ஆணையம். பதிவான கட்சியோ, டெல்லிக் கமிஷன் நடத்தும் தேர்தலில் ஐந்து வருஷத்துக்குள் நின்றாக வேண்டும். வார்டில் மட்டும் நின்றால் அது கணக்கில் சேராது. ஆறு வருஷமாக ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் ஒரே நாளில் 334 கட்சிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாக்கடைக்காகக் கட்சி தொடங்கி, அதைக் காப்பாற்றுவதற்காக எம்.பி. தேர்தலில் நிற்பதா?

கிராமத்திலிருந்து வந்த சின்ன மருமகள் ஒருத்தி, "எங்க ஊர்ல தலைவர் தேர்தலுக்குக் கட்சியே கிடையாதே அக்கா" என்றாள். வாஸ்தவம். கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியம், மாவட்டம், நகரம் என்று வந்தால்தான் கட்சி. ஆனால் நகரத்திலும் சுயேச்சையாக நிற்க யாரும் தடை சொல்லவில்லை. வயது 21 ஆகியிருந்தால் போதும்.

சரி, சுயேச்சை என்று முடிவாயிற்று. யார் நிற்பது? கூடத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த எதிர் வீட்டு மாமா, "நீயே நில்லு. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார், தாராளமாக.

"மத்ததுன்னா எது?" என்றாள் மாமி.

அவருக்குப் பதில் வரவில்லை. பாவம், நல்ல மனிதர்.

மறுநாள் மாமி வாக்காளர் பட்டியலில் தன் பெயரைத் தேடிப் பிடித்தாள். பெயர் சரி, வீட்டு எண் சரி. வயது மட்டும் ஐந்து கூடுதலாக அச்சாகியிருந்தது. அதைத் திருத்துவதற்கு இன்று காலை தனியாகவே கிளம்பிப் போயிருக்கிறாள். சாக்கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.