கூடி வாழ்தலும் கும்பிட்டு வாழ்தலும்

தேர்தற் காலமாயினும் திருவிழாக் காலமாயினும், மடுல்சீமைத் தோட்டங்களில் மேடையேறும் பெரிய மனிதர்கள் நமக்குத் தவறாமல் வழங்கும் உபதேசம் ஒன்றுண்டு. “யூதரைப் பாருங்கள்! உலகெங்கும் சிதறியும் ஒன்றாக நிற்கவில்லையா? நீங்களும் ஒன்றாக நில்லுங்கள். நம்மவரை நம்மவரே கேள்வி கேட்காதீர்கள்.” இதன் முற்பாதி நமக்கு உடன்பாடே. பிற்பாதிதான் மோசடி. எடுத்துக்காட்டைக் கையில் எடுத்தவர்கள் அதனை முடிவுவரை படிக்கவில்லை. நாம் படித்துப் பார்ப்போம்.

நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை, கடலுக்கு அப்பால் கொச்சி இருக்கிறது. கி.பி. 1000 அளவிலேயே சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினான். மட்டாஞ்சேரி, எரணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் யூதரின் தொழுகைக் கூடங்கள் எழுந்தன. அந்தச் சிறு கூட்டத்தை நூற்றாண்டுக் கணக்கில் கட்டிக் காத்தது எது? இரத்தமா? அன்று, உழைப்பு. பத்து ஆடவர் கூடினாலன்றிப் பொதுத்தொழுகை இல்லை என்பது யூதர் மரபு. எனவே ஒருவன் வாராமை ஊர் முழுவதன் கவலையாயிற்று. பெண்கள் மலையாளப் பாட்டுகளைக் கையேடுகளில் எழுதிவைத்து, திருமணத்திலும் விழாவிலும் கூடிப் பாடினர். தாயின் ஏடு மகளின் கைக்கு வந்தது. அன்றாடம் புதுப்பிக்கப்பட்ட உறவு அது.

ஆயினும் அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு சுவர் நின்றது. 1568இல் மட்டாஞ்சேரியில் கட்டப்பட்டது பரதேசிக் கூடம். அங்கே முன்னாள் அடிமைகளின் வழிவந்தோர், அதே வேதத்தை நம்பி அதே தொழுகையைச் செய்தும், சமமாக அமரும் உரிமை பெறவில்லை. வேதச்சுருளை ஓதும் பேறு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கொள்வினை கொடுப்பினை இல்லை. புறத்தே ஒற்றுமை, அகத்தே தீண்டாமை! அந்த வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏபிரகாம் பாரக் சேலம் (1882–1967) கூடத்தை விட்டு வெளியேறவில்லை. உள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். “யூதக் காந்தி” என்று மக்கள் அவரை அழைத்தனர். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நம் மேடைப் பெரியவர்கள் அங்கு இருந்திருந்தால், அவரை “இனத்தைப் பிளப்பவன்” என்றே ஏசியிருப்பார்கள். உண்மையில் இனத்தைப் பிளந்தது சுவரை எழுப்பியவன் கையா, இடிக்க வந்தவன் கையா?

1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் போன்ற சிற்றூர்களில் குடியமர்ந்தனர். புதுமொழியும் புதுவாழ்வும் பழம்பாட்டை விழுங்கத் தொடங்கின. அப்போது காத்தவையும் அந்தக் கையேடுகளே. கொச்சியில் 1912இல் பிறந்த ரூபி டானியல் அப்பாட்டுகளைத் திரட்டி மொழிபெயர்த்தார். தம் சமூகத்தின் நினைவுகளை, அதன் உட்பகையை மறைக்காமல், 1995இல் நூலாக்கினார். அவர்கள் சென்ற நாடு 1948இல் உருவானபோது ஏறத்தாழ ஏழு லட்சம் பலஸ்தீனியர் வீடிழந்தனர் என்பதையும் நாம் மறைக்கமாட்டோம். ஒரு மக்களின் கூடல் வேறொரு மக்களின் சிதறலாதல் தகாது.

அதே 1948இல் நமக்கு நேர்ந்ததென்ன? இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964இல் நம்மைக் கேளாமலே செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனான்; தங்கை இங்கே லயத்தில் நின்றாள். 1984இல் கப்பலும் நின்றது. போனவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதிவைத்த ஏடு எந்தத் தோட்டத்திலாவது உண்டா? தேர்த்திருவிழாவுக்கு நன்கொடைப் புத்தகம் அச்சிட்டவர்கள் இதற்கு ஒரு கொப்பி வாங்கினார்களா?

“ஒன்றாக இருங்கள்” என்ற சொல் நமக்குப் புதிதன்று. கங்காணியும் அதைத்தான் சொன்னான். சொந்தமும் சாதியும் கடனும் சேர்த்துத் திரித்த கயிற்றால் அவன் நம்மைக் கட்டினான். கடன் தொகை எழுதிய “துண்டு” இன்றித் தோட்டம் மாற முடியாதிருந்தது. 1921இல் அது ஒழிந்தது. சாதி பார்த்து லயம் பிரித்த மனம் ஒழிந்ததா? கோயிற் கமிட்டியில் யார் தலைவர், யார் வாசலில் நிற்பவர் என்று பாருங்கள், விடை கிடைக்கும்.

வேறொரு ஒற்றுமையும் ஊவா கண்டதுண்டு. 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கெனச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். துரை அந்தச் சபையைக் கலந்தே காரியம் பார்க்க இணங்கவேண்டியதாயிற்று. கங்காணி கட்டிய கயிறு வேறு, கைகள் தாமே கோத்துக்கொண்ட பிடி வேறு.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! நம் முன் இரண்டு கடமைகள் உள்ளன. ஒவ்வொரு தோட்டப் பள்ளியிலும் ஓர் ஏட்டைத் திறப்போம்: பிரிந்து போனவர் யார், எங்கே, அவர் பிள்ளைகள் எவர், பாட்டிமார் பாடும் தாலாட்டு எது, ஒப்பாரி எது, காமன் கூத்துப் பாட்டு எது என்று எழுதுவோம். கடல் கடந்தவர்க்குக் கடிதம் போடுவோம். இது முதற் கடமை. நம் கூட்டம் கூடும்போதெல்லாம், “பின்னால் நிற்பவன் ஏன் நிற்கிறான்?” என்று கேட்போம். இது இரண்டாவது. முதற் கடமைக்குக் கைதட்டும் பெரியவர்கள் இரண்டாவதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாத ஒற்றுமை, நம்முடைய ஒற்றுமை அன்று.