நூலைத் திட்டாதீர்கள், அட்டையைப் பாருங்கள்!

ஜேசான் என்றதும் இது கணினிக்காரர்கள் சமாச்சாரம் என்று பி.காம். கூட்டம் ஓடிவிட வேண்டாம் நண்பர்களே. 2020 அக்டோபரில் வந்த ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போவதும் வருவதும் ஜேசான் வடிவில்தான். முதலில் 500 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டினாலே போதும் என்று இறங்கி வந்துவிட்டது.

முள்ளிப்பட்டில் நெய்த சேலைகளை டெல்லிக் கடைக்கு அனுப்பும் ஒரு பெரிய வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பில்லை மென்பொருள் ஜேசானாக்கி அனுப்புகிறது. போர்ட்டல் சரிபார்த்து, ஐஆர்என் என்ற பதிவு எண்ணோடு பதில் தருகிறது. அந்தப் பதிலைப் பிரித்துப் படிப்பதற்குப் பெயர்தான் டீசீரியலைசேஷன். அங்கே மென்பொருள் படுத்துவிட்டால் வேடிக்கைதான். மறுபடி அனுப்பினால் 'ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்கிறது போர்ட்டல். அங்கே பில் இருக்கிறது, இங்கே இல்லை! ஐஆர்என் இல்லாத பில் சட்டப்படி பில்லே இல்லை என்பதால் மூட்டை கிளம்பாது.

திட்டு யாருக்கு? பில் அடித்த பையனுக்கு. "நீ என்னத்தத் தப்பா அடிச்ச?"

அடிப்பதில் தப்பு வரவே வராது என்றில்லை. ஆரணியின் பின்கோடு 632301 எண்ணாகப் போக வேண்டும். டெல்லியின் மாநிலக் குறியீடு 07 மேற்கோள் குறிக்குள் போக வேண்டும், ஏனென்றால் ஜேசானில் எண் பூஜ்யத்தில் தொடங்கி 07 என்று வரக்கூடாது. இதெல்லாம் தரவுக் கோளாறு. ஆனால் நூலக முரண்பாடு வேறு ஜாதி. ஜாவாக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ஜாக்சன் நூலகம் கோர், டேட்டாபைண்ட், அனோடேஷன்ஸ் என்று மூன்று துண்டு. டேட்டாபைண்ட் மட்டும் புதிதாகி, கோர் பழசாகவே தங்கிவிட்டால், புதியது கூப்பிடும் மெத்தட் பழையதில் இருக்காது. 'நோ சச் மெத்தட் எரர்' என்று திரையில் வந்தால் பில்லைத் தோண்டிப் பிரயோசனமில்லை. 'அன்ரெகக்னைஸ்டு ஃபீல்டு' என்று வந்தால்தான் ஜேசானுக்குள் பார்க்க வேண்டும்.

இந்தக் கலப்படம் எப்படி நடக்கிறது? வேறு ஏதோ ஒரு நூலகம் தன் பங்குக்குப் பழைய கோரை இழுத்து வரும். ஒரே நூலகம் இரண்டு பதிப்பில் வந்தால் மேவன் புதியதை எடுப்பதில்லை, கிளையில் பக்கத்தில் இருப்பதை எடுக்கும் (பலருக்குத் தெரியாத விஷயம் இது). 'டிபென்டென்சி ட்ரீ' கட்டளை கொடுத்தால் யார் யாரை இழுத்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஜாக்சனின் 'பாம்' பட்டியலைச் சேர்த்துவிட்டால் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்.

சிலர் செய்யும் குறுக்கு வழிதான் மோசம். தெரியாத ஃபீல்டு வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். எரர் போய்விடும், கூடவே அந்தத் தகவலும் சத்தமில்லாமல் போய்விடும். பாட்டுச் செயலியில் செய்தால் போகட்டும், வரிக் கணக்கில் செய்யலாமா?

தறிக்காரரைப் பாருங்கள். 240 கொக்கி ஜக்கார்டுக்குக் குத்திய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் பூ விழாது. அதற்காக அவர் பட்டு நூலையா திட்டுவார்? அட்டையும் பெட்டியும் ஜோடிதானா என்றுதான் முதலில் பார்ப்பார்.

இ-இன்வாய்ஸ் ஜேசானில்கூட 'வெர்ஷன்: 1.1' என்று தன் பதிப்பைச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. வருடா வருடம் ஏஎம்சி பணம் வாங்கும் மென்பொருள்காரர்கள் அதே மாதிரி உள்ளே இருக்கும் நூலகங்களின் பதிப்பையும் திரையில் காட்டட்டும். 'இது உங்கள் பில்லில் உள்ள தவறல்ல, எங்களைக் கூப்பிடுங்கள்' என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?