எடை போட்ட பிறகே கூலி

மலாக்காவின் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வீடுகளின் முன்பக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசமெல்லாம் பின்பக்கத்தில். மெர்லிமாவிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலிவு விலை வீடு வாங்கிய நம் குடும்பங்கள் முதலில் கை வைப்பது சமையலறையில். தீபாவளிக்கு ஐம்பது பேருக்குச் சமைக்கிற வீட்டுக்கு, இரண்டு பேர் நின்றாலே இடித்துக்கொள்ளும் சமையலறை எப்படிப் போதும்?

அதே தாமான்களின் பின்சந்துகளில் நடந்து பாருங்கள். பாதியில் நிற்கும் சுவர், துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண், காற்றில் படபடக்கும் நீலக் கேன்வஸ். ஏதாவது ஒரு வீட்டில் கண்ணில் படும். விசாரித்தால், "குத்தகையாளர் பாதியிலே விட்டுட்டுப் போயிட்டாரு" என்பார்கள். என் அம்மாவின் வீடும் ஏழு மாதம் அப்படித்தான் நின்றது.

அம்மா ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் பால்மரம் சீவியவர். ஊழியர் சேமநிதியில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்றே தொடாமல் வைத்திருந்தார். சமையலறையைப் பின்னால் 10 அடி நீட்டி, கூரை போட்டு, டைல்ஸ் பதித்து, கெபினெட் அடித்துக் கொடுக்க 24,000 வெள்ளி என்று பேச்சு. மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தோம். இவர் சொன்னது அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு முன்னால் நிற்பவர். உறவினர் இருவர் வீட்டில் வேலை செய்து கொடுத்தவர். குவோடேஷனை என் பெயரில் எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போட்ட அன்றே பாதிப் பணம், 12,000 வெள்ளி, கைமாறியது. மற்ற இருவர் கேட்டதும் அதே பாதிதான்.

முதல் வாரம் வேலை பறந்தது. பின்சுவரை இடித்தார்கள், குழி தோண்டினார்கள், தூணுக்குக் கம்பி கட்டினார்கள். இரண்டாவது வாரம் ஒரே ஒரு ஆள் வந்தார். மூன்றாவது வாரம் குத்தகையாளரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, கம்பி விலை ஏறிப்போச்சு. இன்னும் ஒரு 6,000 போட்டு விடுங்க, திங்கக்கிழமை ஆள் வந்துடும்."

பேசிய வேலையில் கால்வாசிகூட முடியவில்லை. சுவர் எழும்பட்டும், தருகிறேன் என்றேன். திங்கட்கிழமை வந்தது, ஆள் வரவில்லை. பிறகு "ஆளுக்கு பெர்மிட் பிரச்சினை", "வீட்டுல ஒரு சாவு", "லோரி கெட்டுப்போச்சு". கடைசியில் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுவதும் நின்றது.

நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். அம்மா தனியாக இருக்கிறார். பின்சுவர் இல்லாத வீட்டில், மழைக்காலத்தில், வாசல் போர்ச்சில் கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்தார். இரவில் கேன்வஸுக்குப் பின்னால் சத்தம் கேட்டால் விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். போன பணத்தைவிட இதுதான் என்னை அரித்தது.

காவல் நிலையத்தில் புகார் செய்தோம். வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டது சிவில் விவகாரம் என்றார்கள். இது பலருக்கும் கிடைக்கும் பதில்தான். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடிக் குற்றம். ஒரு சுவரை இடித்து நாலு தூண் கட்டியவரை அப்படிக் காட்டுவது எளிதல்ல.

அடுத்த தடை வீட்டுக்குள்ளேயே வந்தது. "நம்ம ஆளு மேலேயே கேஸா? அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று ஆரம்பித்தார் பெரியப்பா. "கோயில்ல முகத்தைப் பாக்க வேணாமா?" என்றார் அத்தை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"நான் பால் கொண்டு போனா ஸ்டோர்ல நிறுத்துப் பாத்து, கிராணி புத்தகத்துல எழுதுன பொறவுதானே சம்பளம்? தண்ணி கலந்திருக்கான்னுகூட சோதிச்சாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாதா? இவனுக்கு மட்டும் எதுக்கு நிறுக்காம காசு?"

இந்த விஷயத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான பேச்சு அதுதான். அன்றாடம் முகம் பார்த்த கிராணியே தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் கணக்கு எழுதினார். அதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. கூலி என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

அப்படிப்பட்ட நாம் வீட்டு வேலை என்றால் மட்டும் ஏன் தராசை மறந்துவிடுகிறோம்? எனக்குத் தோன்றும் காரணம் இது. தோட்டத்து லயத்தில் வீடு நம்முடையது அல்ல. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம். சீக்கிரமோ தாமதமோ, நிர்வாகம் தச்சரை அனுப்பும். தொழிலாளர் வீடுகளைப் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டமும் சொல்கிறது. அந்த உலகத்தில் குத்தகையாளரிடம் பேரம் பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது, கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பது எதற்கும் தேவை இருக்கவில்லை. தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, நாம் தாமான்களுக்கு வந்த பிறகுதான் பல குடும்பங்களில் முதல் தலைமுறை வீட்டு உரிமையாளர்கள் உருவானார்கள். வீடு சொந்தமானது. அதைப் பராமரிக்கும் வழக்கங்களைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த இடத்தில் "நம்ம ஆளு" என்ற ஒரே தகுதி வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு நாங்கள் போன இடம் மலேசிய பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது; உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் வருகிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. நாமே பேச வேண்டும். மனுவை இணையம் வழியாகவும் பதியலாம். குவோடேஷனில் என் பெயர் இருந்ததால் மனுதாரர் நானே. வீட்டில் மலாய்மொழியில் எழுதவும் பேசவும் தெரிந்தவர் பெயரில் ஒப்பந்தம் இருப்பது எவ்வளவு உதவி என்பது அப்போது புரிந்தது.

வீட்டு வேலையும் ஒரு சேவைதான். நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும். நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிய வேண்டும் என்று அந்தச் சட்டம் உத்தரவாதம் தருகிறது. அந்த உத்தரவாதத்தை நிலைநாட்டக் கையில் சான்று வேண்டும். எங்களிடம் குவோடேஷன், வங்கி வழி பணம் போட்ட பதிவு, வாரம் தவறாமல் எடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் இருந்தன. அவற்றைவிடக் கைகொடுத்தது ஒரு பக்கக் கடிதம். வேறொரு குத்தகையாளரை அழைத்து, நடந்திருக்கும் வேலையை அளந்து மதிப்பு எழுதித் தரச் சொன்னோம். 4,500 வெள்ளி என்று எழுதிக் கொடுத்தார். 12,000-இல் அது போக 7,500. அதைத்தான் கேட்டோம்.

விசாரணைக்கு அவர் வந்தார். நாங்கள் வேலையை மாற்றச் சொன்னதால்தான் செலவு கூடியது என்றார். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வரியும் இல்லை. 7,500 வெள்ளியைத் திருப்பித் தரும்படி உத்தரவானது. உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கலாம். பணம் ஒரே தடவையில் வரவில்லை. மூன்று தவணையில் வந்து சேர்ந்தது.

ஆனால் 7,500 வெள்ளிக்காக ஏழு மாதம் அலையாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு வழி முன்பணத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வீட்டுச் சீரமைப்பு வேலைக்குக் குத்தகையாளர் பொதுவாக 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்குமேல் முன்பணம் கேட்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில், வீடமைப்பு வாரிய வீடுகளில் சீரமைப்பு செய்ய வாரியத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளரைத்தான் அமர்த்த வேண்டும். இங்கே அந்த எல்லைக்கோட்டை நாம்தான் ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

24,000 வெள்ளி வேலை என்றால் இப்படிப் பிரிக்கலாம். கையெழுத்தின்போது 2,400. அடித்தளமும் தூண்களும் முடிந்ததும் 6,000. சுவரும் கூரையும் முடிந்ததும் 7,200. பூச்சு, வயரிங், தண்ணீர்க் குழாய், டைல்ஸ் முடிந்ததும் 6,000. எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகி, ஒரு நல்ல மழையிலும் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு மீதி 2,400. ஒவ்வொரு கட்டத்திலும் கையில் இருக்கும் வேலை, கொடுத்த பணத்தைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். "சாமான் வாங்கக் கைக்காசு இல்லை" என்று குத்தகையாளர் சொன்னால் அதற்கும் வழி உண்டு. ஹார்ட்வேர் கடைக்கு நீங்களே பணம் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்கி, ஒப்பந்தத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் இன்னும் இரண்டு வேலை. கட்டுமானக் குத்தகையாளர் சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. பெயரை வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்றிதழை மட்டும் காட்டினால் போதாது. அது வியாபாரம் பதிவாகியிருப்பதற்கான சான்று, கட்டத் தெரியும் என்பதற்கானது அல்ல. இரண்டாவது, ஊராட்சி மன்ற அனுமதி. மெர்லிமாவ், ஜாசின் பக்கம் என்றால் ஜாசின் நகராண்மைக் கழகம். "அதெல்லாம் வேணாம், யாரும் பாக்க மாட்டாங்க" என்று குத்தகையாளர் சொல்வார். நோட்டீஸ் வந்தால் அது வரப்போவது வீட்டுக்காரர் பெயருக்கு.

இவ்வளவு கெடுபிடி போட்டால் யார் வேலைக்கு வருவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அம்மாவின் சமையலறையை முடித்துக் கொடுத்தது மதிப்பீட்டுக் கடிதம் எழுதித் தந்த அதே குத்தகையாளர்தான். ஐந்து கட்டத் தவணைக்கு உடனே சம்மதித்தார். "எழுதி வெச்சிக்கிறது எனக்கும் நல்லதுங்க. கடைசிப் பணத்தைத் தராம இழுத்தடிக்கிற வீட்டுக்காரங்களும் இருக்காங்க" என்றார். நேர்மையாக வேலை செய்கிறவருக்குத் தராசு எதிரி அல்ல. அவர் கூலிக்கும் அதுதான் காவல்.

அடுத்த முறை உங்கள் வீட்டை அளக்க ஒருவர் வரும்போது உட்காரச் சொல்லுங்கள், தேத்தண்ணி கொடுங்கள், எந்தத் தோட்டம், யார் பிள்ளை என்று உறவும் விசாரியுங்கள். பிறகு எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோர் தனியாக இருக்கும் வீடு என்றால் அந்தத் தாளை எழுதும் பொறுப்பைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மரம் சீவி, எடை போட்டு வாங்கிய காசு அது. எடை போடாமல் கைமாறக்கூடாது.