கடி வாங்கக் கற்பவன்



போன வாரம் ஒரு பழைய மாணவனின் அம்மா போன் செய்தார். "சார், ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பையன், சனிக்கிழமை ஆனா நாய்கிட்ட கடி வாங்கிட்டு நிக்கிறானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான்." கண்டிக்கத்தான் அவனை வீடியோ காலில் கூப்பிட்டேன். கடைசியில் பாடம் கேட்டவன் நான்தான்.

பாதுகாப்பு நாய்ப் பயிற்சியில் எதிராளியாக நிற்பவரை 'ஹெல்பர்' அல்லது 'டீகாய்' என்கிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைச் சோதிக்க அந்நாட்டில் 1900களின் தொடக்கத்தில் தோன்றிய தேர்வுக்கு இன்றைய பெயர் ஐஜிபி. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என மூன்று பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். மூன்றாவது பாடத்துக்குத்தான் ஹெல்பர் வேண்டும். இவன் அதைக் கற்கிறான்.

முதலில் நாயே இல்லாமல் நடையும் திரும்பலும் பழக வேண்டுமாம். பிறகுதான் கையில் சணல் உறை. முப்பது கிலோ நாய் ஓடி வந்து பாயும்போது சுவர் போல நின்றால் அதன் கழுத்தும் முதுகும் அடிபடும். அதன் வேகத்தோடு தன் உடலையும் திருப்பித் தாங்கிக்கொள்ள வேண்டும். இளம் நாய் உறுதியாகக் கவ்வியதும் உறையை நழுவவிட வேண்டும். அது ஜெயித்த பெருமையோடு தூக்கிக்கொண்டு ஓடும். நாய் தயங்கினால் ஹெல்பர்தான் பின்வாங்க வேண்டும்.

ஹெல்பர் அசையாமல் நின்றால் நாய் கடிக்கக் கூடாது, குரைத்துக் காவல் காக்க வேண்டும். தேர்வில் 'விடு' என்று மூன்று முறை சொல்லியும் விடாத நாய்க்குத் தகுதி நீக்கம். ஆக, கடிப்பதைவிட விடுவதுதான் பெரிய படிப்பு. சங்கிலியில் கட்டி, குச்சியால் சீண்டி, வெறியேற்றிவிட்டு அதைக் காவல் பயிற்சி என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அப்படி வளர்ந்த நாய் பயத்தில் கடிக்கும். வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்.

ஹெல்பர் கையிலும் ஒரு தடி உண்டு. மெத்தை சுற்றிய தடி. மிரட்டலைக் கண்டு நாய் கலங்காமல் இருக்கப் பழக்குவதற்கு அது. வலிக்க அடிப்பதற்கு அல்ல. இதைக் கேட்டதும் என் பிரம்பு நினைவுக்கு வந்தது. உங்களில் சிலருக்கு இன்னும் மறந்திருக்காது. பயந்த பிள்ளை கணக்கைச் சரியாகப் போட்டால், கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன். தப்பு. மாணவனுக்குத் தைரியம் வர, தான் தோற்றுக் காட்டவும் தெரிந்தவரே ஆசிரியர். அதை இந்தப் பையன் இருபத்தெட்டு வயதில் கற்கிறான். நான் ஓய்வு பெற்ற பிறகு.

அவன் அம்மாவிடம் சொன்னேன்: "உங்க பையன் வாத்தியார் வேலைதான் பாக்கிறான்மா. மூத்த ஹெல்பர் பக்கத்தில் இல்லாமல் உறை மாட்ட மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "டிடி ஊசியாவது போட்டிருக்கானான்னு கேளுங்க சார்" என்றார்.

கேட்டுவிட்டேன். போட்டிருக்கிறானாம்.