செவ்வாய்க்கிழமை பெஞ்சில் ஓர் அரை மணி நேரம்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனையில், அரை மணி நேரத்தை மூச்சுப் பயிற்சிக்கும் எளிய யோகாசனங்களுக்கும் ஒதுக்க ஆணையிடுங்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை. சர்க்கரைப் பரிசோதனைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் குடித்தவர்கள் இரண்டு மணி நேரம் அங்கேயே காத்திருப்பார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக அந்த நேரம் கழியும். இரும்புச்சத்து மாத்திரை பற்றி நாங்கள் ஓயாமல் பேசினோம். மூச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதைப் பிரசவ அறையில்தான் பேசினோம்.

ஒரு தலைப்பிரசவத்தை என்னால் மறக்க முடியவில்லை. வலி வரும்போதெல்லாம் அந்தப் பெண் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். விரல் கணுக்கள் வெளுத்துப்போயின. "மூச்சை நல்லா இழுத்து விடும்மா" என்றேன். வலி தணிந்த இடைவெளியில் கேட்டாள்: "எப்படிக்கா விடறது?" மாதம் தவறாமல் பரிசோதனைக்கு வந்தவள் அவள். ஏழாம் மாதமே நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். வலியின் நடுவே யாராலும் புதிதாக எதையும் கற்க முடியாது.

வயிறு பெருக்கப் பெருக்க கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. ஹார்மோன் மாற்றத்தால் மூச்சும் ஆழமாகிறது. அதனால்தான் நாலு படி ஏறினாலே பல பெண்களுக்கு இரைக்கிறது. நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடப் பழகினால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும், தோளும் தாடையும் தளரும். பிரசவ வலியைச் சமாளிக்க மூச்சுப் பயிற்சி உள்ளிட்ட தளர்வு முறைகளை உலக சுகாதார நிறுவனமே 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. கர்ப்பகால இடுப்பு வலிக்கு முறையான உடற்பயிற்சியை 2016-லேயே சொல்லிவிட்டது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்தும் பூனை ஆசனமும், பாதங்களைச் சேர்த்து உட்காரும் பத்த கோணாசனமும் அதற்குப் போதும்.

யோகா செய்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். அதற்குக் காரணங்கள் பல. பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டால், சிசேரியன் ஆன பெண் "நான் சரியாகச் செய்யவில்லையோ" என்று மருகுவாள். பிரசவித்த உடம்புக்கு அந்தப் பாரமும் வேண்டுமா?

செய்யக் கூடாதவற்றைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே நிறுத்திவைக்கக் கூடாது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் கூடாது. குப்புறப் படுப்பதும், வயிற்றை முறுக்குவதும், ஐந்து மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து கிடப்பதும் கூடாது. ரத்தப்போக்கு, தாழ்ந்திருக்கும் நஞ்சுக்கொடி, கடும் ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் எந்த ஆசனமும் வேண்டாம். குளுக்கோஸ் குடித்தவர்கள் அன்று உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி மட்டும் செய்யட்டும், உடற்பயிற்சி செய்தால் பரிசோதனை அளவு மாறக்கூடும்.

சொல்லித்தர ஆள் இல்லாமல் இல்லை. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்களைக் கொண்டு வட்டாரம்தோறும் செவிலியர்களுக்குப் பயிற்சி தரலாம். நிலையத்துக்குப் பத்துப் பாய், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, ஒரு மின்விசிறி போதும். சேலையோடு செய்யக்கூடிய பயிற்சியாக இருக்கட்டும். கூட வரும் அம்மாவையோ மாமியாரையோ வெளியே நிறுத்தாமல் உள்ளே உட்காரவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் ஒழித்துக் கொடுக்க வேண்டியதும், வலி வந்த ராத்திரியில் பக்கத்தில் நின்று மூச்சை எண்ணிச் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்