இருபதாண்டுக் காத்திருப்பும் ஒரு மரணச் சான்றிதழும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் தம் உடன்பிறந்தாரை அங்கே குடியேற அழைக்க வேண்டுமானால், ஐ-130 என்னும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் விசா கைக்கு வந்துவிடாது. உடன்பிறந்தாருக்கான எஃப்-4 பிரிவில் உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தான். அதிலும் எந்த நாடும் 7 விழுக்காடு என்ற உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. 2025இல் இந்தியாவிலிருந்து 2006ஆம் ஆண்டு மனுக்களுக்கும், மெக்சிகோவிலிருந்து 2001ஆம் ஆண்டு மனுக்களுக்குமே முறை வந்திருந்தது. ஐம்பத்தைந்து வயதில் தம்பிக்காக மனுப் போட்ட அக்கா, தம்பியின் முறை வரும்போது எழுபதைத் தாண்டியிருப்பார், உயிரோடு இருந்தால்.

இல்லாவிட்டால் மனுவும் அவரோடு போய்விடும். மனுதாரர் இறந்தால் ஒப்புதல் தானாகவே ரத்தாகும் என்பது விதி. அதுவும் இறந்த நாளிலிருந்து அல்ல, ஒப்புதல் அளித்த நாளிலிருந்தே ரத்தானதாகக் கொள்ளப்படும். பதினெட்டு ஆண்டுகள் வரிசையில் நின்றவர், வரிசைக்கே வராதவர் ஆகிவிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு அண்ணன் புதிதாக மனுப் போடலாம். ஆனால் பழைய மனுவின் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் பிடித்திருந்த இடம், அதற்கு வராது. காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். இந்த விதி நியாயமற்றது. அமெரிக்க நாடாளுமன்றம் அதை மாற்ற வேண்டும்.

மரணம் மனுவை முறிக்கக் கூடாது என்பது அந்த நாடாளுமன்றத்துக்குப் புதிய கருத்து அல்ல. குடிமகனை மணந்து, கிரீன் கார்டு வருமுன் துணையை இழந்தவர்கள், திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால் விண்ணப்ப உரிமையையே இழந்தார்கள். கைம்பெண்களுக்கான தண்டனை என்றே இது பெயர் பெற்றது. கோப்பு அலுவலகத்தில் தூங்கியதற்கும் கணவர் விபத்தில் இறந்ததற்கும் சேர்த்து மனைவியை நாடு கடத்துவதா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போனது. கணவர் இறந்ததால் மட்டும் அவர் மனைவி என்ற தகுதியை இழப்பதில்லை என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபர் 28 அன்று நடப்புக்கு வந்த சட்டம் இரண்டாண்டு நிபந்தனையை நீக்கியது. இப்போது குடிமகனின் கைம்பெண்ணோ மனைவியை இழந்தவரோ, மறுமணம் செய்யாதவரை, துணை இறந்த இரண்டாண்டுக்குள் தாமே மனுச் செய்யலாம். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது பொருட்டல்ல.

அதே சட்டம் மற்ற உறவினர்களுக்கும் ஒரு கதவைத் திறந்தது, பாதியளவுதான். குடியேற்றச் சட்டத்தில் அப்போது சேர்க்கப்பட்ட 204(எல்) பிரிவின்படி, மனுதாரர் இறந்தாலும் நிலுவையில் உள்ள மனுவுக்கு ஒப்புதல் தரலாம், ஒப்புதல் பெற்றதைத் தொடரலாம். ஆனால் பயனாளி, மனுதாரர் இறந்தபோது அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். தொடர்ந்து வசித்தும் வர வேண்டும். சொந்த ஊரில் இருந்தபடி முறைக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரிவால் பயன் இல்லை. எஃப்-4 வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் அப்படிப்பட்டவர்களே.

நிபந்தனையின் விசித்திரம் நடைமுறையில்தான் தெரியும். சட்டம் கேட்பது வசிப்பிடத்தை மட்டுமே. அந்த வசிப்பு விசாவோடா, விசா இல்லாமலா என்று கேட்பதில்லை. மனுவில் சேர்ந்த குடும்பத்தினரில் ஒருவர் அந்த நிபந்தனையை நிறைவேற்றினால் போதும், மற்றவர்களும் பயன்பெறலாம் என்று குடியேற்ற அலுவலகமே விளக்கம் தந்திருக்கிறது. அதாவது பத்தொன்பது வயது மகன் மாணவர் விசாவில் டெக்சாஸில் படித்துக்கொண்டிருந்தால், மதுரையில் இருக்கும் தாய் தந்தையின் இடமும் தப்பும். மகன் கோயம்புத்தூரில் படித்தால் எல்லாம் போகும். உறவின் நெருக்கத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. விசா தீர்ந்த பிறகும் தங்கிவிட்டவர் தப்பிக்க, விதியை மதித்து ஊரிலேயே காத்திருந்தவர் நட்டப்படுவது எந்தக் குடியேற்றக் கொள்கைக்கும் அழகல்ல.

வெளிநாட்டில் இருப்பவருக்கு மிஞ்சுவது, மனிதாபிமான அடிப்படையில் மனுவை மீட்டுத் தரும்படி கேட்பது ஒன்றே. வயது, உடல்நிலை, அமெரிக்காவில் உள்ள குடும்பத்துக்கு நேரும் பாதிப்பு, அரசுத் தரப்பின் தாமதம் போன்றவற்றை அதிகாரி எடைபோடுவார். இது உரிமை அல்ல, அவர் மனம் வைத்தால் கிடைப்பது. அதையும், மனுதாரர் இறக்குமுன் மனு ஒப்புதல் பெற்றிருந்தால்தான் கேட்கலாம். எஃப்-4 மனுக்கள் ஒப்புதலுக்கே பல ஆண்டுகள் கிடப்பில் இருப்பது வழக்கம். விசா எண் இல்லாத மனுவை அவசரமாகப் பார்ப்பானேன் என்ற கணக்கு. கோப்பைப் பிரிக்காமல் வைத்திருந்தது அலுவலகம். அதனால் வாய்ப்பை இழப்பவர் பயனாளி.

எதிர்வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. குடும்பங்களை ஒன்றுசேர்க்கவே இந்த விசா; அழைத்தவரே இல்லாதபோது யாரோடு சேர்வது, வருகிறவரின் செலவுக்கு யார் பொறுப்பேற்பது என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டமே விடை சொல்லிவிட்டது. மனுதாரர் இறந்தால் பயனாளியின் துணை, பெற்றோர், உடன்பிறந்தார், வளர்ந்த பிள்ளைகள், மாமனார் மாமியார், மருமக்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் போன்றோரில் ஒருவர் மாற்று ஸ்பான்சராகப் பொறுப்பேற்கலாம். முதல் கேள்விக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. மாற்று ஸ்பான்சர் அமெரிக்காவில் வாழும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். அப்படி ஓர் உறவு உண்டென்றால் சேர்வதற்குக் குடும்பம் இருக்கிறது. இல்லையென்றால் விசாவும் கிடைக்கப்போவதில்லை. குடியேறுவோர் தொகை கூடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 65,000 என்ற வரம்பு அப்படியே இருக்கும்.

வேண்டியது நீண்ட சீர்திருத்தம் அல்ல. 204(எல்) பிரிவிலிருந்து அமெரிக்காவில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாற்று ஸ்பான்சர் வேண்டும் என்று எழுதினால் போதும். பொதுநலனுக்கு ஒவ்வாத மனுவை மறுக்கும் அதிகாரம் அந்தப் பிரிவிலேயே அரசுக்கு உண்டு, அது தொடரட்டும். சட்டம் திருத்தப்படும்வரை, ஒப்புதல் பெற்ற மனுவுக்கு மாற்று ஸ்பான்சர் முன்வந்தால் மீட்டுத் தருவதையே பொதுவழக்கமாகவும், மறுப்பதைக் காரணம் எழுத வேண்டிய விதிவிலக்காகவும் குடியேற்ற அலுவலகம் கொள்ளலாம். அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயம் என்பதால் இந்த மாற்றத்துக்கு வழிகாட்டுக் குறிப்பு ஒன்றே போதும். ஒப்புதலுக்கு முன்பே மனுதாரரை இழந்தவர்களுக்கு மட்டும் அந்தக் குறிப்பு உதவாது. அவர்களுக்கு நாடாளுமன்றம்தான் வழிசெய்ய வேண்டும்.